தம்பி பிறந்த தேர்த்திருவிழா

கனடாவிலையிருந்து தம்பி ரெலிபோன் எடுத்தான். நாலு வயதுப் பேத்தியை ராட்டினங்கள் நிறைஞ்ச பெரிய பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போகப்போறானாம்.

"போக இன்னும் ஒரு கிழமை கிடக்கு அக்கா. உவள் இப்பவே புதுச்சட்டையைப் போட்டுக்கொண்டு நிக்கிறாள்" எண்டு சிரிச்சான்.

தனிய இருந்த எனக்குப் புதுச் சீத்தைத் துணியின்ரை மணம் வந்திட்டுது.

அப்ப எனக்கு அஞ்சு வயது. இணுவிலிலை எங்கடை கோயில் திருவிழாவுக்கு ராட்டினம் வந்திருந்தது. தேர் ஓடுற நாளிலை மரக்குதிரையிலை ஏத்துறன் எண்டு அப்பா சுருட்டுப் புகையோடை சொல்லியிருந்தார். அண்டைக்கு விடியவே புதுச் சீத்தைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசல் படலையடியிலை நிண்டன். உள்ளை குழந்தை அழுதது. மாமி ஓடிவந்தா.

"உனக்குத் தம்பியடி! பிள்ளை பிறந்த வீடு துடக்கு. கழியுமட்டும் ஒருத்தரும் கோயில் பக்கம் போகேலாது. சட்டையைக் கழட்டு."

எல்லாரும் உள்ளை சிரிச்சுக் கதைச்சினம். நான் கழட்டேல்லை. தூரத்து மேளத்தைக் கேட்டபடி பின்னேரம்வரை நிண்டன். ஒருத்தரும் என்னைத் தேடேல்லை. அடுத்த வருஷம் ராட்டினம் வரேல்லை.

"சின்னனிலை நீங்கள் ராட்டினம் ஏறினனீங்களோ அக்கா?"

அவனுக்கு அதை எப்பிடிச் சொல்லுறது?

"ஏறாமலோ! வெள்ளைக் குதிரை" எண்டன். "தம்பி, பிள்ளையைச் சட்டையைக் கழட்டச் சொல்லாதை. போட்டிருக்கட்டும்."