கறுப்பாக்கச் சொன்ன பிளேட்

திருத்தணி மலையடிவாரத்தில் வாஹித் பாயின் போட்டோக் கடையை அறியாதவர் கிடையாது. மொட்டை போட்ட கையோடு, தலையில் சந்தனம் காய்வதற்குள், ஜனங்கள் அங்கேதான் வந்து நிற்பார்கள். ஆனால் அந்தப் படங்களின் அழகு யார் கைவேலை என்பது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. கடைக்குப் பின்னால், திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அவர் மனைவி ஹுசைனாவின் வேலை அது.

ஜன்னலோரம் ஒரு சாய்வுப் பலகை. அதில் படம் பதிந்த கண்ணாடி பிளேட்டை, அதாவது நெகட்டிவை வைத்து, கீழிருந்து வெளிச்சம் வரும்படி முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வைத்திருப்பாள். பிளேட்டில் எல்லாமே தலைகீழ்: கறுப்பு வெள்ளையாகத் தெரியும், வெள்ளை கறுப்பாகத் தெரியும். பென்சிலால் தீட்டினால் படத்தில் அந்த இடம் வெளுக்கும். கத்தி முனையால் சுரண்டினால் கறுக்கும். பதினோரு வருஷமாகப் பென்சில்தான் தேய்ந்தது, கத்திக்கு அநேகமாக வேலையே இல்லை. முகத்தைக் கறுப்பாக்கித் தா என்று கேட்க யாருக்குப் பைத்தியமா பிடித்திருக்கிறது?

சும்மா சொல்லக்கூடாது, ஹுசைனா நல்ல மனுஷிதான். ஆனால் சந்தேகம் அவள் கூடவே பிறந்தது. பால்காரன் சிரித்தால் தண்ணீர் கலந்துவிட்டான் என்பாள். சிரிக்காவிட்டால் நிறையவே கலந்துவிட்டான் என்பாள். புருஷன் சீக்கிரம் வந்தால் ஏன் என்பாள், தாமதித்தால் எங்கே என்பாள். நாள் முழுக்கப் பொய் முகம் செய்துகொண்டிருப்பவள் யாரைத்தான் நம்புவாள், பாவம்!

யுத்த காலம், நாற்பத்து நாலாம் வருஷம் தை மாதம். புது பிளேட் கிடைக்காத நேரம். வாஹித் ஒரு பழைய பிளேட்டைக் கொண்டுவந்து பலகை மேல் வைத்தார்.

"இதைக் கறுப்பாக்கணுமாம். நல்லா கறுப்பா."

ஹுசைனா தூக்கிப் பார்த்தாள். ஆர்.கே.பேட்டை நெசவுக்காரர் வீட்டுப் பெண் தேவகி. மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்பப் போன வருஷம் எடுத்த படம். முகம் முழுக்கப் பென்சில் தீட்டி, இடது கன்னத்து மச்சத்தையும் மறைத்து, ஆளைச் சிவப்பாக்கி அனுப்பியவள் ஹுசைனாதான்.

"யார் கேட்டது?"

"அவங்க அம்மா, குப்பம்மா."

"பெத்த அம்மாவா?"

"அதெல்லாம் நான் எங்க கேட்டேன்?"

"கேட்டிருக்கணும். சித்தியா இருப்பா. பொண்ணு வாழ்க்கையைக் கெடுக்கப் பாக்குறா, நீங்களும் தலையை ஆட்டிகினு வந்துட்டீங்க. இல்ல, இதுல உங்களுக்கு ஏதாச்சும் பங்கு இருக்குதா?"

"அல்லாவே!" என்றார் வாஹித்.

"நேர்ல வரச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் கத்தியத் தொட மாட்டேன்."

இரண்டு நாளில் குப்பம்மாள் மகளோடு வந்து சேர்ந்தாள். தேவகி குனிந்த தலை நிமிராமல் மூலையில் உட்கார்ந்தாள். கன்னம், மச்சம், மூக்கு எல்லாம் அம்மாவிடம் அப்படியே இருந்தன. சித்தி இல்லை என்றதும் ஹுசைனாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"எதுக்கும்மா கறுப்பு?"

"இன்னாத்த சொல்றது, தாயி. போட்டோவப் பாத்துட்டு மூணு எடத்துக்காரங்க ஆசையா வந்தாங்க. இவளப் பாத்ததும் மூணு பேரும் எழுந்து போய்ட்டாங்க. கடைசியா வந்தவ இவ மூஞ்சிக்கு நேராவே கேட்டா, போட்டோல இருக்குற பொண்ணு எங்கன்னு. அப்ப குனிஞ்சவதான், இன்னும் நிமிரல. படத்துலயே கறுப்பா காட்டிட்டா, நேர்ல வந்து பாக்குறப்ப பரவால்லன்னு தோணும் இல்ல?"

அந்த மூன்று பேரையும் விரட்டியது ஹுசைனாவின் பென்சில். ஒருத்தி தலையைக் குனிய வைத்துவிட்டு, அது தெரியாமலே ஒரு வருஷம் நிம்மதியாகச் சோறு தின்றிருக்கிறாள்.

கற்பூரத் தைலத்தால் பழைய பென்சிலைத் துடைத்தெடுத்து, கத்தியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நெற்றி, கன்னம், கழுத்து என்று மெல்ல மெல்லச் சுரண்டினாள். மூக்குத் தண்டில் மட்டும் ஒரு கீற்று வெளிச்சத்தை விட்டுவைத்தாள். கண் பக்கம் போகவில்லை, அங்கே கத்தி தவறினால் பிளேட்டே போச்சு. மூன்றாம் நாள் படம் போட்டுப் பார்த்தபோது அவளே அசந்துபோனாள். கருகரு முகம், அதில் இரண்டு கண்களும் பளிச்சென்று நேராகப் பார்த்தன. மச்சம்கூட அந்தக் கறுப்பில் கரைந்து போயிருந்தது. அதை ஹுசைனா கவனித்தாள், ஆனால் பெரிதாக நினைக்கவில்லை.

பங்குனியில் குப்பம்மாள் அழுதுகொண்டே ஓடிவந்தாள்.

"குடி கெட்டுச்சு, தாயி! அரக்கோணத்துல ரயில் இன்ஜினுக்குக் கரி தள்ற பையன், கோதண்டம்னு பேரு. படத்தப் பாத்து சரின்னு வந்தாங்க. வந்தா, அவங்கம்மா சொல்றா, இவ தங்கச்சியாம். படத்துல இருக்குற கறுப்பு அக்காவ உள்ள ஒளிச்சி வெச்சிருக்கேனாம். முகூர்த்தத்துல அவள மாத்தி உக்கார வெச்சிடுவேனாம். படத்துல மச்சம் எங்கேன்னு கேக்குறா. எனக்கு இருக்குறதே ஒரே பொண்ணு! சூடம் அடிச்சி சத்தியம் பண்ணேன், நம்பல. இதுவும் போச்சுன்னா இவளுக்கு அப்புறம் யார் வருவாங்க?"

மறுநாளே கோதண்டம் கடைக்கு வந்துவிட்டான். மேசை மேல் படத்தை வைத்தான்.

"பாய், இந்தப் பொண்ணு யாரு? நெஜமா சொல்லுங்க."

வாஹித்துக்கு வியர்த்தது. படத்தில் கை வைத்தோம் என்று ஒத்துக்கொண்டால் கடைப் பெயர் என்னாவது? "தினம் நூறு பேர் வந்து போறாங்க தம்பி. யார் கண்டா?" என்று மழுப்பினார்.

திரைக்குப் பின்னால் ஹுசைனா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். கடைப் பெயர் பெரிசா, அந்தப் பெண் பெரிசா? திரையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் பிளேட்டை வெளியே நீட்டினாள்.

"தம்பி, அக்காவும் இல்ல, தங்கச்சியும் இல்ல. நீங்க நேர்ல பாத்தவதான் இவ. கறுப்பாக்கினது நான். சுரண்டின தடம் தெரியுதா, வெளிச்சத்துல புடிச்சிப் பாருங்க. மச்சம் போனதும் என் கத்தியாலதான்."

கோதண்டம் பிளேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் முகம் வாடிவிட்டது.

"அப்போ இந்தப் பொண்ணு உலகத்துலயே கெடையாதாக்கா? கறுப்புன்னு எங்கம்மா வேணாம்னாங்க, நான்தான் இவதான்னு நின்னேன்."

ஹுசைனாவுக்கு உடனே சந்தேகம் கிளம்பிவிட்டது. எவனாவது கறுப்பைக் கேட்டு நிற்பானா? "இன்னாத்தப் பாத்து நின்னீங்க?"

"பார்வையத்தான் அக்கா. எப்படி நேரா பாக்குது பாருங்க. நேர்ல போனப்போ அந்தப் பொண்ணு தலையே தூக்கல. அதான் எனக்கும் வேற ஆளோன்னு இருந்துச்சு."

ஹுசைனா கை நீட்டி பிளேட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"தம்பி, பென்சில் படாத எடம், கத்தி படாத எடம் அந்தப் படத்துல கண்ணு மட்டும்தான். அது அவளோடதே. போய் ஒரு தடவ நிமிந்து பாக்கச் சொல்லுங்க."

அவன் படத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பெட்ரோல் கிடைக்காத அந்த நாளில் கரியில் ஓடிய ஆர்.கே.பேட்டை பஸ்ஸுக்கு ஓடினான். திரும்பி வருவான் என்று ஹுசைனா நம்பவில்லை. வாஹித் நம்புகிறேன் என்றார், அவரையும் நம்பவில்லை.

வைகாசியில் மலையேறித் தாலி கட்டி இறங்கியவர்கள் நேராகக் கடைக்கு வந்தார்கள். படம் எடுத்து முடித்ததும் மஞ்சள் மணக்க ஒரு கை திரையை விலக்கியது. தேவகி நின்றாள். அவள் குரலை ஹுசைனா கேட்பது அன்றுதான் முதல் தடவை.

"அக்கா, இந்தத் தடவ ஒண்ணும் பண்ணாதீங்க" என்றாள், ஹுசைனாவின் முகத்தை நேராகப் பார்த்து.