ஊஃபர் பெட்டியும் என் காதும்

ஐந்தாவதுக்கு மேல் நான் பள்ளிக்கூடம் போனதில்லை. மில்லில் தறி ஓட்டி, பிறகு சொந்தமாகக் கடை வைத்து, மாடி வீடு கட்டியவன். பாட்டின் அடிச் சத்தத்தை மட்டும் அதிரவைக்கும் ஊஃபர் பெட்டியையும் ஆம்ப்ளிஃபயரோடு நானேதான் இணைத்தேன். அந்தப் பெட்டிக்குத் தனியாகக் கரண்டு கிடையாது, எரிந்து காட்ட ஒரு விளக்குகூடக் கிடையாது. ஆம்ப்ளிஃபயர் ஒயர் முதலில் அதற்குள் போய், அங்கிருந்து இரண்டு ஸ்பீக்கருக்கும் பிரிய வேண்டும். யாரையும் கேட்காமல் முடித்தேன். பாட்டைப் போட்டதும் தரை அதிர்ந்தது. எங்கள் தெருவில் எவன் வீட்டிலும் அப்படி ஒரு சத்தம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பக்கத்து வீட்டுக்காரன் வந்து உட்காருவான். மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன், அந்தக் காலத்திலிருந்தே சிநேகிதம். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்.

சில மாதத்தில் சத்தம் இளைத்துப்போன மாதிரி இருந்தது.

“இன்னாப்பா, அடிச் சத்தமே காணோமே?” என்று அவனிடம் கேட்டேன்.

“எனக்கு நெஞ்சையே தூக்குது. உன் காதுதாம்பா. தறி தின்ன காது.”

சமையலறையிலிருந்து என் மனைவி, “அண்ணன் சொல்றது சரிதாங்க” என்றாள்.

நம்பினேன். பயந்தும் போனேன். கடையில் ஆள் பேசினால் உதட்டைப் பார்க்க ஆரம்பித்தேன். கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கு அவன்தான் தன் ஸ்கூட்டரில் கூட்டிப்போனான். வயசுக்குக் காது நன்றாகவே கேட்கிறது என்றார் டாக்டர். வரும் வழியில், “அவுருக்கு இன்னா தெரியும்” என்றான்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பெட்டியை நகர்த்தினேன். ஸ்பீக்கர்கள் நேராக ஆம்ப்ளிஃபயரில் மாட்டியிருந்தன. ஊஃபர் ஒயர்கள் சும்மா தொங்கின. முனையில் கருப்பு டேப், பிரிக்க வசதியாக நுனி மடித்து விட்டிருந்தது. மில்லில் அப்படி மடிப்பவன் ஒருத்தன்தான்.

ஒயரை மாட்டாமல் டேப்பை மட்டும் உரித்து வைத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறு பாட்டைப் போட்டேன். அவன் நெஞ்சில் கை வைத்தான்.

“யப்பா, இன்னிக்கி ரொம்பவே அதிருது.”

டேப்பை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“செவரு அதிர்றப்பல்லாம் எங்க ஊட்டுக்காரிக்கு மாரு படபடன்னு அடிச்சிக்குதுப்பா. உன் ஊட்ல தங்கச்சிகிட்ட சொல்லிட்டுதான் கழட்னேன். உங்கிட்ட சொன்னா கேப்பியா நீ?”

கேட்டிருப்பேன். வேறு எவன் சொல்லியிருந்தாலும் சத்தத்தை இன்னும் ஏற்றி வைத்திருப்பேன். அவன் சொல்லியிருந்தால் அன்றைக்கே கழற்றியிருப்பேன். மாட்டத் தெரிந்தவனுக்குக் கழற்றத் தெரியாதா? சுவர் அவனுக்கும் சொந்தம், சரி. என் காதை எதற்குக் கெட்டுப்போனது என்றான்?

பெட்டியை மறுபடி மாட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் இன்னும் வருகிறான். எது சொன்னாலும், “காதுல விழலப்பா” என்கிறேன்.