ஒரு டம்ளர் தண்ணீர் ஆறும் நேரம்

போன மாதம் இதே பத்தியில் தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பது பற்றி எழுதியிருந்தேன். நினைவிருக்கிறதா? ஆற்றில் செந்தண்ணீர் வந்துவிட்டது, குழாயிலும் கலங்கல்தான் வருகிறது, தளதளவென்று கொதிக்க விடுங்கள், குழந்தைகளுக்குப் பச்சைத் தண்ணீர் வேண்டவே வேண்டாம்... எல்லாம் தெரிந்தவள் மாதிரி எழுதியிருந்தேன். பாராட்டி இன்லண்ட் லெட்டர் போட்டவர்கள்கூட உண்டு.

அந்த லெட்டர்கள் வந்து சேர்ந்த வாரம் என் மகளுக்கு டைஃபாய்டு.

காந்திமதிக்கு ஐந்து வயது. முதல் இரண்டு நாள் லேசான சூடுதான். பள்ளிக்கூடத்தில் வெயிலில் ஆடியிருப்பாள் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் இறங்கும் என்றிருந்தேன். ஏறியது. ஒரு நோட்டில் காலையும் மாலையும் தெர்மாமீட்டர் பார்த்து எழுதி வைத்தேன். ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடக் கொஞ்சம் அதிகம். ஏழாம் நாள் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, இன்றைக்கே அட்மிட் பண்ணிவிடலாம் என்றார் டாக்டர்.

எப்படி வந்தது என்று கேட்டேன். காய்ச்சல் கண்டவர்களின் மலத்தில் அந்தக் கிருமி இருக்கும், அது தண்ணீரில் கலந்தோ, கழுவாத கை வழியாகவோ, ஈ மொய்த்த பண்டம் வழியாகவோ வாய்க்குள் போகும் என்று பொறுமையாக விளக்கினார்.

எனக்கு அவமானமாக இருந்தது. எங்கள் வீட்டுத் தண்ணீரா? இருக்க முடியாது. இருபது நிமிடம் கடிகாரம் பார்த்துக் கொதிக்க வைக்கிறவள் நான். “ஆத்துத் தண்ணியப் போய்க் காய்ச்சுதியே, ருசியே போயிருமே” என்று என் கணவர் முணுமுணுப்பதைக்கூடக் காதில் வாங்கியதில்லை. பள்ளிக்கூட வாசலில் எதையும் வாங்கித் தின்னாதே என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன்.

அப்படியானால், வெளியிலிருந்து யார் வீட்டுக்குள் வருகிறார்கள்?

பேச்சியக்கா வருகிறார்.

மூன்று வருடமாக எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்து, தண்ணீர் பிடித்து வைப்பவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவருடைய மகளுக்கு மூன்று வாரத்துக்கு முன்னால் காய்ச்சல் வந்திருந்தது. அப்போதும் ஒருநாள் தவறாமல் வேலைக்கு வந்தார். நான்கூட அதை மெச்சிக்கொண்டேன். இப்போது அதே நினைப்பு எனக்குள் வேறு மாதிரி திரும்பியது. காந்திமதியின் டம்ளரைக் கழுவிய கை, அந்தக் காய்ச்சல்காரப் பிள்ளையைக் கழுவிய கைதானே?

ஆஸ்பத்திரிக்குப் பை கட்டிக்கொண்டிருந்தேன். பேச்சியக்கா முற்றத்தில் குடத்தை விளக்கிக்கொண்டிருந்தார். இனி வேலைக்கு வரவேண்டாம் என்றேன். உங்கள் வீட்டுக் காய்ச்சல்தான் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது என்றும் சொன்னேன். சொன்ன விதம் சரியில்லை. இப்போது தெரிகிறது.

அவர் கையை உதறிவிட்டு எழுந்தார்.

“எம் மவளுக்கு வந்தது சளிக் காய்ச்சலும்மா. மூணே நாளுல போயிட்டு” என்றார். அவ்வளவுதான். குடத்தைக் கழுவி முடித்து, கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரியில் எட்டு நாள். குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது ஒரு தனி வேலை. சொட்டு நின்றுவிட்டால் பயம். வேகமாக விழுந்தால் அதற்கும் பயம். பிள்ளை தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கருகில் விரல் வைத்துப் பார்ப்பேன். எங்கே தவறவிட்டேன்... ஒரு நாள் முன்னால் கூட்டி வந்திருக்கலாமோ... இதே ஓட்டம்தான்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. காந்திமதி தானாகவே தண்ணீர் கேட்டாள். வார்டில் ஒரு நர்ஸ், வள்ளியூர்ப் பெண், என் வயதுதான் இருக்கும். ஃபிளாஸ்க்கிலிருந்து டம்ளரில் ஊற்றினாள். பிள்ளை உதடு வைத்துவிட்டு, “சூடு” என்று முகம் திருப்பினாள்.

“சிஸ்டர், அந்தக் குழாயில கொஞ்சம் பிடிச்சு விளாவிக் குடுங்களேன்” என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. வாயில் தானாக வந்தது.

அவள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“வீட்லயும் இப்படித்தான் குடுப்பியளாக்கா?”

ஆமாம். இப்படித்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பிள்ளைக்குத் தாகம். காய்ச்சிய தண்ணீரோ ஆறியிருக்காது. பாதி டம்ளர் அதிலிருந்து, மீதிப் பாதி பானையில் இருக்கிற பச்சைத் தண்ணீர். குடிக்கிற பதத்துக்கு வந்துவிடும். ஆற்றுத் தண்ணீரின் ருசியும் கொஞ்சம் திரும்பிவிடும். என் கணவருக்கும் சமாதானம். குளிக்கிற வெந்நீரை விளாவுவதற்கும் குடிக்கிற தண்ணீரை விளாவுவதற்கும் வித்தியாசம் உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை. பி.எஸ்ஸி. படித்தவள். மைக்ராஸ்கோப்பில் கிருமியைப் பார்த்து ரெக்கார்ட் நோட்டில் படம் வரைந்தவள்!

“அப்ப காய்ச்சினது வீணால்லா போச்சு” என்றாள் நர்ஸ். திட்டவில்லை. ஒரு கிண்ணத்தில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, அதற்குள் டம்ளரை நிறுத்தி வைத்தாள். உள்ளே ஒரு சொட்டுப் போகாமல் ஐந்து நிமிடத்தில் ஆறிவிட்டது.

இதனால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் அவளே சொன்னாள். ஆறுதலுக்காக இருக்கலாம். ஆனால் அடுத்து ஒன்று சொன்னாள். காய்ச்சல் நின்ற பிறகும் கொஞ்ச காலம் பிள்ளையின் மலத்தில் கிருமி போகலாம். கக்கூஸ் போய் வந்தால் அவள் கையை மட்டுமல்ல, கழுவிவிடுகிற என் கையையும் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும். சமைக்கும் முன்னால், ஊட்டும் முன்னால், மறக்காமல். இல்லையென்றால் எங்களிடமிருந்து மற்றவர்களுக்குப் போகும்.

எங்களிடமிருந்து.

வீட்டுக்கு வந்த மறுநாள், பிள்ளையைக் கணவரிடம் விட்டுவிட்டு, குறுக்குத் துறை ரோட்டுப் பக்கம் பேச்சியக்கா வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனப்பாடம் செய்துகொண்டே நடந்தேன். வாசலில் அவரைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது. தப்பு என்னுடையது என்று மட்டும் சொன்னேன்.

அவர் முதலில் கேட்டது, “பிள்ளை சோறு திங்குதாளா?”

ரசஞ்சாதம் குழைத்துக் கொடுக்கிறேன் என்றேன். மறுபடியும் வேலைக்கு வரச் சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்றேன். பிள்ளையிடமிருந்து இன்னும் கொஞ்ச காலம் கிருமி பரவலாம் என்று நர்ஸ் சொன்னதையும் மறைக்காமல் சொன்னேன்.

பேச்சியக்கா என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

“எங்க வீட்ல காய்ச்சல்னு என்னைய வரவேண்டாம்னிய. இப்ப உங்க வீட்ல காய்ச்சலு. நான் வரலாமா?”

கோபம் இல்லை குரலில். உண்மையாகவே கேட்டார். அவருக்கும் ஒரு மகள் இருக்கிறாளே.

“வெயில்ல வந்திருக்கிய. உக்காருங்க” என்று உள்ளே போனார். ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தார்.

நான் அதைப் பார்த்தபடி இருந்தேன். வாங்கினால் குடிக்க வேண்டும். மறுத்தால், இன்னொரு முறை அவர் கையைப் பழித்த மாதிரி.

அவருக்குப் புரிந்துவிட்டது. லேசாகச் சிரித்தார்.

“பயப்படாதிய. காய்ச்சின தண்ணிதான். நீங்க காய்ச்சச் சொன்ன நாள்லேருந்து மண்ணெண்ணெய்ச் செலவப் பாக்காமக் காய்ச்சுதேன். எம் மவளுக்கும் அதான். நீங்க செய்யுத மாதிரியே பைய விளாவித்தான் வச்சிருக்கேன், குடிங்க.”

நோய் எப்படிப் பரவுகிறது என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். என் சமையலறையிலிருந்து இந்த விளாவுகிற பழக்கம் இவ்வளவு தூரம் வந்திருப்பதை யாரிடம் கேட்பது? ரேஷன் மண்ணெண்ணெயை எரித்து, என்னைப் பார்த்துப் படித்து, தன் மகளுக்குத் தினமும் கொடுத்திருக்கிறார்.

டம்ளரை வாங்கிக் கீழே வைத்தேன். குடிக்கவில்லை. ஏன் என்று சொன்னேன். ஒவ்வொரு வார்த்தையும் கனமாக இருந்தது. அவர் உள்ளே எட்டி, மகள் இருக்கிற பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு எழுந்து போய், விளாவி வைத்திருந்த குடத்தை முருங்கை மரத்தடியில் கவிழ்த்தார். அவர் மகளுக்கு இதுவரை ஒன்றும் இல்லை. ஆனாலும் நான் தினமும் போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன்.

போன மாதம் நான் எழுதியதைப் படித்துவிட்டுத் தண்ணீரைக் காய்ச்சத் தொடங்கியவர்களே... ஆற வைப்பது எப்படி என்று நான் எழுதவில்லை. எனக்கே தெரியாது. மூடி வையுங்கள், காத்திருங்கள். அவசரமென்றால் டம்ளரைத் தண்ணீருக்குள் வையுங்கள், தண்ணீரை டம்ளருக்குள் ஊற்றாதீர்கள்.

பேச்சியக்கா அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார் — அதற்குள் எங்கள் கைக்கு ஒரு நல்ல சோப்பு வாங்கி வைக்கச் சொல்லி.