மித்ரா ஓட்டிய வண்டி

லிங்கராஜபுரத்தில் கல்யாணமோ ஞானஸ்நானமோ சாவோ, நாற்காலியும் மேசையும் ஏற்றிக்கொண்டு ஷெர்வினின் பிக்கப் வந்து நிற்கும். பதினாறு வருடப் பழைய வண்டி, சொந்த வண்டி. அவனுக்கு வயது நாற்பத்து நான்கு. மனைவி சங்கமித்ரா பிரேசர் டவுனில் ஒரு பௌத்தக் குடும்பத்துப் பெண். ஐ.டி. கம்பெனி ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக இருந்தாள். இரண்டு வீட்டையும் எதிர்த்துக்கொண்டு விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். இரண்டு முறை கரு தங்கிக் கலைந்துபோனது. அதற்குப் பிறகு மித்ரா கேட்டதற்கு மட்டும் பதில் சொல்பவளாகிவிட்டாள். அவளாக எந்தப் பேச்சையும் எடுப்பதில்லை. அப்படியே ஆறு வருடம் ஓடிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்திபெலே பக்கம் ஒரு விசேஷ வீட்டில் நாற்காலிகளை இறக்கிவிட்டு இருவரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். போனில் மேப் காட்டிய குறுக்குவழி ஒரு வறண்ட ஏரிக்குள் கொண்டுபோய் விட்டது. காய்ந்த சேற்றில் மாடுகளும் டிராக்டர்களும் மிதித்த பள்ளங்கள். வெறும் வண்டி துள்ளிய துள்ளலில் மித்ராவின் தலை கூரையில் இடித்தது. ஷெர்வின் பயந்துபோய் பிரேக் போட்டான். அவள் தலையைத் தேய்த்துக்கொண்டே சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"இன்னொரு ரவுண்டு போ," என்றாள்.

அவன் நான்கு ரவுண்டு போனான்.

மறுநாளே ஷெர்வின் ஹென்னூர் சாலையில் இருக்கும் ஹரிஷின் ஷெட்டுக்குப் போனான். ஹரிஷ் கன்னடக்காரர், இந்தப் பகுதியிலேயே இருந்து இருந்து தமிழும் அவருக்கு வீட்டுப் பேச்சு மாதிரி ஆகிவிட்டது; தெரிந்த ஆண்களை மட்டும் கன்னட வழக்கில் 'குரு' என்பார். கரடுமுரடான இடத்தில் ஓட்டிப் பார்க்க வண்டியைத் தயார் செய்ய வேண்டும், ஆனால் செலவு அதிகம் ஆகக் கூடாது என்றான் ஷெர்வின். ஹரிஷ் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"பின்னாடி ஸ்பிரிங்ல ஏழு பட்டை இருக்கு குரு. ஒரு டன்னு லோடுக்குப் போட்டது. நீ ஏத்தறது பிளாஸ்டிக் சேரு. ரெண்டு பட்டைய எடுத்துட்டா குதிக்காது, நெளிஞ்சு குடுக்கும். ஷாக் அப்சார்பர் மட்டும் குஜரில பாரு."

பழைய இரும்புச் சாமான் விற்கும் சிவாஜிநகர் குஜரி மார்க்கெட்டில், அடிபட்ட ஜீப் ஒன்றிலிருந்து கழற்றிய நான்கு ஷாக் அப்சார்பர்கள் கிடைத்தன. அதை வாங்கப் போனபோது மித்ராவும் கூட வந்தாள். ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, எண்ணெய் கசிந்த ஒன்றைத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கியது அவள்தான். ரப்பர் புஷ்களை மாற்றும்போது ஷெட்டில் ஜாக்கி அடித்ததும் அவள்தான். நகக்கண்ணில் கிரீஸோடு வேலைக்குப் போய், டாய்லெட் செக்லிஸ்ட்டில் கைரேகை பதிய வைத்துவிட்டதாக ஒருநாள் வந்து சொன்னாள். கேட்காமலே சொன்னாள்.

அந்த வருடம் ஏறக்குறைய ஒவ்வொரு ஞாயிறும் ஏரிக்குப் போனார்கள். அவன் சர்ச் முடிந்து வருவதற்குள் அவள் சோறு கட்டி வைத்திருப்பாள். இரண்டாவது மாதம் ஸ்டீயரிங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். மூன்றாவது மாதத்தில் அவனைவிட நன்றாக ஓட்டினாள். பள்ளத்தைப் பார்த்தால் அவன் அவசரப்படுவான். அவள் முதல் கியரில் மெல்ல இறக்கி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றிவிடுவாள்.

வண்டி இன்னும் இரண்டு இஞ்ச் உயர்ந்தால் ஏரிக்கரை மேட்டிலும் ஏறலாம் என்று ஷெர்வினுக்குத் தோன்றியது. அதற்குப் பின்பக்க ஷாக்கிளை நீளமாக்க வேண்டும். பட்டையின் ஒரு முனையை வண்டிச் சட்டத்தோடு சேர்த்துத் தொங்கவிடும் சின்ன இரும்புத் துண்டு அது. கடையில் புதிதாகக் கிடைக்கும். ஆனால் ஹரிஷின் ஷெட்டில் உடைந்த லாரிப் பட்டை ஒன்று சும்மா கிடந்தது.

"பேட குரு, வேண்டாம்," என்றார் ஹரிஷ். "அது ஸ்பிரிங் இரும்பு. கேஸ்ல வெட்டி வெல்டிங் வெச்சா சூட்டுல வெறச்சிப் போயிடும். பாக்க நல்லாத்தான் இருக்கும், ஒருநாள் பிஸ்கட் மாதிரி ஒடையும். நான் செய்ய மாட்டேன்."

ஷெர்வின் அந்தத் துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய், கிரில் கேட் செய்யும் ஒருவனிடம் கொடுத்து ஷாக்கிள் செய்தான். கருப்புப் பெயின்ட் அடித்து அவனே மாட்டினான். மித்ராவிடம் புதுசு என்று மட்டும் சொன்னான்.

அதை மாட்டிய மூன்றாவது ஞாயிறு அவள் ஏரிக்கரையில் குறுக்காக ஏறிக்கொண்டிருந்தாள். அவசரமே இல்லை. பாதி மேட்டில் பின்னால் டக் என்று ஒரு சத்தம். வலப்பக்கம் அப்படியே உட்கார, வண்டி சாய்ந்து புரண்டது. கதவுக்கும் மண்ணுக்கும் நடுவில் அவள் வலது கை மாட்டிக்கொண்டது.

இடப்பக்கக் கதவு வழியாக ஏறிக் குதித்த ஷெர்வின், அவளை வெளியே எடுக்கும் முன்பே அதைப் பார்த்துவிட்டான். ஷாக்கிள் வெல்டிங் ஓரத்தில் இரண்டாக முறிந்திருந்தது.

கையில் பிளேட் வைத்தார்கள். வலது கை அதன் பிறகு தோளுக்கு மேலே எழவில்லை. கம்பெனியில் இரண்டு மாதம் பொறுத்துவிட்டு வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரிக்கு வந்த மித்ராவின் தம்பி யுவன் எல்லார் முன்னாலும் கேட்டான். "ஏன்க்கா, உனக்கு எதுக்கு இந்த வேலை? ஓட்டத் தெரியாம மேட்டுல ஏத்தி... மாமா ஓட்டியிருந்தா இப்பிடி ஆயிருக்குமா?"

கட்டிலில் கிடந்தவள் ஷெர்வினைப் பார்த்தாள். "நான்தான் ஏதோ தப்பா திருப்பிட்டேன் போல," என்றாள். அவன் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றான். அன்று சொல்லியிருக்கலாம். மறுநாளும் சொல்லியிருக்கலாம். ஒரு வாரம் போனதும், ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்பதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. வண்டியை அவளிடம் கேட்காமலே விற்றுவிட்டு, மாதத் தவணையில் ஒரு மூன்று சக்கர லோடு ஆட்டோ எடுத்தான். அவள் எதுவும் கேட்கவில்லை. பழையபடி பேச்சு நின்றுபோயிருந்தது.

ஆறு மாதம் கழித்து மித்ரா பிசியோதெரபி முடித்துத் திரும்பும் வழியில் ஹரிஷ் அவளைப் பார்த்து ரோட்டைக் கடந்து வந்தார். "கை எப்படி இருக்குக்கா? நான் அன்னிக்கே தலைதலையா அடிச்சிக்கிட்டேன், லாரிப் பட்டைல ஷாக்கிள் பண்ணாதேன்னு. கேக்கலையே ஷெர்வினு." அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னார்.

ஷெர்வின் வீட்டுக்கு வந்தபோது அவள் அடுப்படியில் நின்றிருந்தாள்.

"ஒடைஞ்சது ஷாக்கிளா?"

அவன் தலையாட்டினான்.

"அன்னிக்கே பாத்தியா?"

"பாத்தேன்."

"ஆறு மாசம். கண்ண மூடினா அந்த மேடுதான். எங்க திருப்பினேன், எதுல கால வெச்சேன்னு திரும்பத் திரும்ப ஓட்டிப் பாக்கறேன் ஷெர்வின். ஒரு தப்பும் கெடைக்கல. அப்ப எனக்கு ஞாபகம்தான் போச்சு போலன்னு நெனச்சேன்." குரல் உயரவே இல்லை. "கை போனதுக்கு நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன். நான் நல்லா ஓட்டுவேன்னு ஒண்ணு எங்கிட்ட இருந்துச்சி. அதையும் எடுத்துக்கிட்டியே."

அவன் மன்னிப்புக் கேட்டான். அவள் கேட்டுக்கொண்டாள். அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு அவளை அழைத்துக்கொண்டு பிரேசர் டவுனில் யுவனின் வீட்டுக்குப் போனான். யுவனும் அவன் மனைவி வீணாவும் சாப்பாடு பரிமாறியிருந்தார்கள். இலையில் கை வைக்காமல் ஷெர்வின் முழுவதையும் சொன்னான். காசுக்குப் பார்த்து அந்த இரும்பை மாட்டியது, ஹரிஷ் வேண்டாம் என்றது, ஆஸ்பத்திரியில் வாயை மூடிக்கொண்டு நின்றது. "அவ மேல தப்பே இல்ல மச்சான். உங்கக்கா என்னைவிட நல்லா ஓட்டுவா," என்றான். யுவன் எழுந்து கை கழுவப் போனான். மித்ரா தலையைக் குனிந்து இடது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் வந்தார்கள். அவள் முன்னால் பெண்கள் சீட்டில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவன் பின்னால் நின்றான். லிங்கராஜபுரத்தில் அவள் முதலில் இறங்கினாள். கூட்டத்தில் இடிபட்டு அவன் இறங்கும்வரை நிழற்குடை ஓரமாக நின்றாள். அவன் அருகில் வந்ததும் வீட்டை நோக்கி நடக்கத் தொடங்கினாள். அவனும் நடந்தான்.