எல்மார் கூசிக்கின் ஏழு வரைவுகள்

எல்மார் கூசிக் 1937 அக்டோபர் 14 அன்று எஸ்தோனியாவின் தெற்குப் பகுதியில் ஒரு சிறிய ஊரில் பிறந்தார். 2024 ஜனவரி 19, வெள்ளிக்கிழமை, நியூ ஜெர்சி எடிசனில் மகள் வீட்டில் இறந்தார். வயது எண்பத்தாறு வருடம், தொண்ணூற்றேழு நாள். இவற்றுக்கு நடுவே நடந்ததில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். அவர் சொன்னதையும் காகிதத்தில் நான் பார்த்ததையும் தனித்தனியாகக் குறித்து வைத்திருந்தேன். இரண்டும் ஓரிடத்தில் ஒத்துப்போகவில்லை. அந்த இடத்தைப் பற்றியதுதான் இது.

நாங்கள் சந்தித்தது எடிசனில், முதியோருக்கான அடல்ட் டேகேரில். காலை ஒன்பது மணிக்கு வேன் வந்து அழைத்துப் போகும், மூன்று மணிக்குக் கொண்டுவந்து விடும். அங்கே வருகிறவர்களில் முக்கால்வாசி குஜராத்திகள், மிச்சம் தமிழரும் தெலுங்கரும். 2021 நவம்பர் 8 அன்று ஆறடி உயரத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தடியுடன் உள்ளே வந்து, காலியாக இருந்த என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் மகள் ஹெல்வி மருந்துக் கம்பெனியில் வேலை பார்ப்பவள். வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி இருந்த இடம் என்பதால் இங்கே சேர்த்திருந்தாள். மதியச் சாப்பாட்டில் அவருக்குப் பிடித்தது மோர் சாதம். தங்கள் ஊரிலும் புளித்த பால்தான் குடிப்பார்கள் என்றார்.

அவர் எஸ்தோனிய நாடாளுமன்றத்தில் இரண்டு முறை உறுப்பினர், ஒரு சிறிய கட்சியின் தலைவர் என்று நான் தமிழ் மேஜையில் சொன்னபோது சாரதா சிரித்தாள். மாம்பலத்துக்காரி, என்னைவிட நான்கு வயது இளையவள்.

"விடுங்க சார். இந்த ஹால்ல யாரைக் கேட்டாலும் ஊர்ல கலெக்டர், சீஃப் இன்ஜினீயர். எங்க வீட்டுக்காரர்கூட இங்க வந்தப்பறம்தான் டெபுடி டைரக்டர் ஆனார். இவர் ஒரு படி மேல, அவ்ளோதான்."

பக்கத்தில் இருந்த மரகதம், "மினிஸ்டர்னே கூப்பிடுவோம், பாவம். பேர் வாயில நுழையல," என்றாள்.

அன்றிலிருந்து அவர் மினிஸ்டர். அவரும் தலையைக் குனிந்து ஏற்றுக்கொள்வார். நான் பத்திரப் பதிவுத் துறையில் முப்பத்துநான்கு வருடம் இருந்தவன் என்று தெரிந்ததும் என்னை ரெஜிஸ்ட்ரார் என்று அழைக்க ஆரம்பித்தார்.

அவர் சொன்ன வாழ்க்கை இது. 1949 மார்ச் 25 அன்று விடிவதற்குள் சோவியத் சிப்பாய்கள் வந்து அவரையும் தாயையும் சரக்கு ரயிலில் ஏற்றினார்கள். சைபீரியாவில் எட்டு வருடம். தாய் அங்கேயே இறந்தாள். ஊர் திரும்பி, பால் பண்ணையின் ஆய்வுக்கூடத்தில் முப்பது வருடம் பாலில் கொழுப்பு எவ்வளவு என்று சோதித்தார். 1988இல் விடுதலை இயக்கம் கிளம்பியபோது மேடை ஏறினார். 1992 செப்டம்பர் 20 தேர்தலில் வென்றார்.

அந்தத் தேர்தலில் வேட்பாளர் ஒவ்வொருவரும், பழைய உளவுத்துறைக்கு வேலை செய்ததில்லை என்று எழுத்தில் பிரமாணம் தர வேண்டும். அவரை எதிர்த்து நின்றவர் அதே ஊரின் கால்நடை மருத்துவர். பள்ளியில் ஒரே பெஞ்ச். செப்டம்பர் 12 அன்று ஊர் மண்டபத்தில், நானூறு பேர் முன்னால், உளவாளிகள் பட்டியலின் ஒரு நகலைக் கையில் தூக்கிப் பிடித்து எல்மார் அந்த மருத்துவரின் பெயரை வாசித்தார். அந்தப் பெயர் பட்டியலில் இருந்தது உண்மை. நகல் எடுத்தவர்கள் தாளின் வலது ஓரத்தை விட்டுவிட்டார்கள். பிறந்த வருடம் இருந்த பத்தி அதோடு போயிற்று. அந்தப் பத்தி எங்கே என்று அவர் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து பண்ணைகளில் மருத்துவரைக் கூப்பிடுவது நின்றது. கன்று வயிற்றில் குறுக்கே கிடந்து பசு சாகக் கிடந்தாலும் நாற்பது கிலோமீட்டர் தள்ளி வேறொருவரை வரவழைத்தார்கள். 1997இல் அவர் இறந்தார். முழு நகல் பிறகுதான் ஆவணக் காப்பகத்திலிருந்து வந்தது என்றார். பட்டியலில் இருந்த ஆள் 1908இல் பிறந்தவர், அதே பெயர்க்காரர், எப்போதோ செத்துப்போனவர்.

இதை அவர் என்னிடம் சொன்னது 2022 நவம்பரில், பிங்கோ ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது. மருத்துவரின் மனைவி உயிரோடு இருக்கிறாள், மகளோடு வசிக்கிறாள் என்று ஹெல்வி விசாரித்துச் சொல்லியிருந்தாள். ஊர்ப் பத்திரிகையில் தன் தவறை எழுதி வெளியிட வேண்டும், அதற்கு முன் அந்த அம்மாளுக்கு அனுப்ப வேண்டும் என்றார். அவருடைய இதயம் இருபது சதவீதம்தான் வேலை செய்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாவதற்குள் இந்த ஒன்று முடிய வேண்டும்.

"நீ பதிவாளர். தவறாக எழுதின பத்திரத்தை உங்கள் ஆபீசில் எப்படித் திருத்துவீர்கள்?"

"பிழைதிருத்தல் பத்திரம் என்று ஒன்று உண்டு. முதல் பத்திரத்தில் கையெழுத்திட்ட இரு தரப்பும் மறுபடி வந்து கையெழுத்திட வேண்டும். என்ன தவறு, எப்போது தெரிந்தது, எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும்."

"அப்படியே எழுதுவோம்."

டிசம்பர் 6 அன்று முதல் வரைவைக் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் ஒரு பக்கம். அதில் சைபீரியா பதினோரு வரி, மருத்துவர் மூன்று வரி. சைபீரியாவை எடுங்கள் என்றேன். இரண்டாவது வரைவில் நகல் எடுத்தவர்கள் மேல் குற்றம் இருந்தது. அதையும் எடுக்கச் சொன்னேன். மூன்றாவதில் தேதிகளே இல்லை. நான்காவது, ஐந்தாவது. நடுவே அவர் பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஆறாவது வரைவோடு, முழு நகலோடு வந்த காப்பகத்தின் மூலக் கடிதத்தையும் காட்டுங்கள் என்று கேட்டேன். மார்ச் மாதக் கடைசியில் கொண்டுவந்தார்.

"உங்களுக்கு எப்போது தெரிந்தது?"

"அடுத்த தேர்தலுக்குப் பிறகு."

"கடிதத்தில் 1995 ஜனவரி 11 என்று இருக்கிறது. வந்து சேர்ந்த முத்திரையும் அதே வாரம். தேர்தல் மார்ச் 5."

அவர் தட்டில் இருந்த மோர் சாதத்தைக் கரண்டியால் ஒரு பக்கம் ஒதுக்கினார், மறு பக்கம் ஒதுக்கினார்.

"உன்னைப் போல ஒருவன் எங்கள் கட்சியில் இருந்திருந்தால் முதல் வாரமே வெளியே அனுப்பியிருப்பேன்."

"ஐம்பத்து மூன்று நாள் இருந்திருக்கிறது," என்றேன்.

"ஐம்பத்து மூன்று நாள் பொறுத்தால் போதும் என்று நினைத்தேன். வென்றேன். உடனே கூட்டணிப் பேச்சு. அது முடிந்தால் பட்ஜெட். எப்போதும் அடுத்த வாரம் என்று ஒன்று இருந்தது. பிறகு அவன் செத்துப்போனான். செத்தவனுக்கு என்ன அவசரம் என்று இருந்துவிட்டேன்."

எதிர்ப்பக்கத்திலிருந்து சாரதா, "மினிஸ்டர் ஏன் சாப்பிடல? உப்பு கம்மியா?" என்று கேட்டாள். அவர் தலையாட்டினார்.

ஏழாவது வரைவில் அந்த ஐம்பத்து மூன்று நாளும் இருந்தது. அதில் ஒரு வார்த்தையும் மாற்றும்படி நான் சொல்லவில்லை. ஹெல்வி அதை எஸ்தோனிய மொழியில் எழுதி ஏப்ரல் 17 அன்று அனுப்பினாள்.

மே 2 அன்று பதில் வந்தது. எழுதியிருந்தது மருத்துவரின் மகள். ஹெல்வி தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அதை எங்கள் இருவருக்கும் ஆங்கிலத்தில் வாசித்தாள். நான் குறித்துக்கொண்டது இது:

"என் தந்தை 1997இல் இறந்தார். அம்மா இந்தப் பிப்ரவரி 9 அன்று இறந்தாள். இப்படி ஒரு கடிதத்துக்காக அவள் முப்பது வருடம் காத்திருந்தாள். எனக்கு அது வேண்டாம். ஊரில் இப்போது இருப்பவர்களுக்கு அந்தக் கூட்டம் நினைவில்லை. என் பிள்ளைகளுக்கு அவர் மாடுகளுக்கு வைத்தியம் பார்த்த தாத்தா. நீங்கள் பத்திரிகையில் எழுதினால், அவர் பெயரும் அந்தச் சொல்லும் மறுபடி ஒரே வரியில் வரும். தயவுசெய்து எழுதாதீர்கள்."

எல்மார் தேதியை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னார். "பிப்ரவரி ஒன்பது," என்றாள் ஹெல்வி.

முதல் வரைவு டிசம்பர் 6 அன்று தயாராக இருந்தது. குறையோடு இருந்தது, ஆனால் மருத்துவர் குற்றமற்றவர் என்ற வரி அதில் இருந்தது. அன்றே தபாலில் போட்டிருந்தால் அந்த அம்மாள் வாசித்திருப்பாள். நான் திருப்பிக் கொடுத்தேன். இதை எல்மார் எந்த நாளும் என்னிடம் சொல்லவில்லை. நான் சொன்னபோது, "நீ இல்லாவிட்டாலும் நான் வேறொரு காரணம் கண்டுபிடித்திருப்பேன்," என்றார். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

அவர் பத்திரிகைக்கு எழுதவில்லை. மருத்துவரின் மகள் கேட்டுக்கொண்டபடி நடப்பது ஒன்றுதான் மீதி என்றார். ஜூன் மாதத்தில் மரகதத்திடம், தன்னை மினிஸ்டர் என்று கூப்பிட வேண்டாம் என்று சொன்னார். அவளுக்குப் புரியவில்லை. "ஏன் சார், கோவமா? நாங்க என்ன தப்பா சொல்லிட்டோம்?" என்று என்னைக் கேட்டாள். கோபம் இல்லை என்றேன். செப்டம்பரிலிருந்து அவர் வேனில் ஏறவில்லை. நான் செவ்வாயும் வியாழனும் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவேன். ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். டிசம்பரில் ஒரு நாள் மட்டும், "அவன் கையெழுத்து அழகாக இருக்கும். என் பாடத்தையும் அவன்தான் எழுதித் தருவான்," என்றார்.

இந்தக் குறிப்பு முழுவதிலும் மருத்துவரின் பெயரை நான் எழுதவில்லை. ஊரின் பெயரும் இல்லை.

இறுதிச் சடங்கு ஜனவரி 23. எங்கள் டேகேரிலிருந்து நான்கு பேர் போயிருந்தோம். முடிந்ததும் ஹெல்வி என்னை ஓரமாக அழைத்து, கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். ஊர்ப் பத்திரிகையின் இரங்கல் குறிப்பு. பிறப்பு, சைபீரியா, இரண்டு முறை நாடாளுமன்றம், எல்லாம் சரியாக இருந்தது. கடைசிப் பத்தியை விரலால் காட்டி மொழிபெயர்த்தாள்: "1992இல் ஊர் மண்டபத்தில், யாருக்கும் அஞ்சாமல் உண்மையைப் பெயரோடு சொன்னவர் என்று அவரை நினைவுகூர்கிறோம்."

"மிஸ்டர் சந்தானம், இதைத் திருத்தச் சொல்லி எழுதலாமா?"

எந்தப் பெயர், ஏன் தவறு என்று அவர்கள் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டும். இருவரும் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சாரதா வந்து, வேன் காத்திருக்கிறது என்று சொன்னாள். ஹெல்வி தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.