குடத்தோடு எதிரே வந்த பாஸ்டரம்மா

நான் படித்தது நாலாம் வகுப்பு. செங்கம் ரோட்டில் ஒரு ஓட்டலில் எச்சில் தட்டு கழுவித்தான் என் பிழைப்பு ஆரம்பித்தது. இன்றைக்குப் பந்தல், பாத்திரம், மைக் செட் என்று திருவண்ணாமலையில் எந்த விசேஷமானாலும் முதலில் என் கடைக்குத்தான் ஆள் வரும். தீபத்துக்கு அன்னதானம் போடுகிறவர்களில் பாதிப் பேர் என் அண்டாவில்தான் சாம்பார் வைக்கிறார்கள். நான் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவன் என்று தெரிந்தேதான் வருகிறார்கள். அண்டா சுத்தமாக இருந்தால் போதும், அது யாரைக் கும்பிடுகிறது என்று எவரும் கேட்பதில்லை.

கொரோனா ஓய்ந்த அடுத்த கோடையில் சென்னையிலிருந்து ஒரு பாஸ்டரும் அவருடைய சபை ஆட்களும் ஒரு வாரம் ஊழியத்துக்கு வந்தார்கள். கீழ்பென்னாத்தூர் பக்கம் செங்கல் சூளையிலும் நிலக்கடலைக் கொல்லையிலும் கூலி வேலை செய்கிறவர்களின் குடியிருப்புகளுக்குப் போய்ப் பாட வேண்டும், ஜெபிக்க வேண்டும், ஆண்டவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேன் என்னுடையது. சாப்பாடு என்னுடையது. மைக்கும் என்னுடையது. சொல்லிக் காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

பாஸ்டரோடு அவர் மனைவியும் வந்திருந்தார். வெள்ளைப் புடவை. நெற்றியில் பொட்டு கிடையாது, தலையில் பூ கிடையாது, கழுத்தில் தாலியும் கிடையாது. அவர்கள் சபையில் அதுதான் வழக்கம். எங்கள் பக்கத்து சபைகளிலும் அப்படி உண்டு என்பதால் எனக்குக் கண் பழகிப் போயிருந்தது. அதனால்தான் ஒன்றும் தோன்றவில்லை.

ஒரு சூளைக்குப் பக்கத்துத் தெருவில் வேனை நிறுத்திவிட்டு நான் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டிருந்தேன். தெருக்கோடியில் ஒரு வீட்டு வாசலில் ஓலைப் பந்தல், வாழை மரம், பாட்டுச் சத்தம். பாஸ்டரம்மாவுக்கு அதைப் பார்த்ததும் சந்தோஷம். கல்யாணப் பெண்ணை ஆசீர்வதித்துவிட்டு வருகிறேன் என்று பைபிளை மார்போடு அணைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார்.

அதே நேரத்தில்தான் அந்த வீட்டிலிருந்து பெண்ணை வெளியே அழைத்து வந்தார்கள். பெண் அழைக்க மாப்பிள்ளை வீட்டார் வண்டியோடு வந்திருந்தார்கள். மறுநாள் காலையில் முகூர்த்தம், அவலூர்பேட்டையில் மாப்பிள்ளை வீட்டு வாசலில். நல்ல நேரம் பார்த்துப் பெண் படி இறங்குகிறாள், நேர் எதிரே வெறும் நெற்றியோடு வெள்ளைப் புடவை.

பாட்டு நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் அத்தை பெண்ணின் கையை விட்டுவிட்டு, இந்தச் சகுனத்தோடு பெண்ணை ஏற்றிக்கொண்டு போக முடியாது என்று சொல்லிவிட்டாள். சீர்த்தட்டையும் திரும்ப எடுத்துக்கொண்டாள். நான் ஓடிப்போய், எத்தனையோ கல்யாணப் பந்தல் போட்டவன் நான், இதெல்லாம் ஒரு குறையா என்று பேசிப் பார்த்தேன்.

"பந்தல் போடறவருக்குச் சகுனம் தெரியாதா? கம்பு மட்டும்தான் நடத் தெரியுமா?" என்றாள். வழக்கமாக என் பேச்சுதான் எடுபடும்.

பெண்ணுக்கு அப்பா இல்லை. அம்மா சூளையில் செங்கல் அறுத்துக் காசு சேர்த்துச் செய்கிற கல்யாணம். வண்டி கிளம்பவில்லை என்றால் சேதி அவலூர்பேட்டைக்குப் போய்விடும். அதற்கப்புறம் அந்தப் பெண்ணை யார் கேட்டு வருவார்கள்? அவள் தலையைக் குனிந்துகொண்டே நின்றாள். மையெல்லாம் கரைந்துவிட்டது.

அத்தை பாஸ்டரம்மாவிடம் புருஷன் எப்போது போனார் என்று கேட்டாள். பாஸ்டரம்மா வேனைக் கையால் காட்டினார். அங்கே பாஸ்டர் தொப்பையைத் தூக்கிக்கொண்டு எங்களை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தார்.

"குத்துக்கல்லாட்டம் புருஷனை வெச்சுக்கிட்டா இந்தக் கோலம்?" என்று அத்தை வாயில் கை வைத்தாள். "அப்ப நீயே நல்ல பொடவை கட்டிக்கிட்டு, நெற கொடத்தோட எதிர்ல வாம்மா. பொண்ணு உள்ள போயி தண்ணி குடிச்சுட்டுத் திரும்பக் கெளம்பட்டும். அப்பத்தான் என் மனசு ஆறும்."

பாஸ்டரம்மா பாஸ்டரைப் பார்த்தார். பாஸ்டர் என்னைப் பார்த்தார். இதில் என்னை எதற்குப் பார்க்க வேண்டும்? ஆனாலும் சொன்னேன், ஆண்டவரே கல்யாண வீட்டில் சாடிகளில் தண்ணீர் நிரப்பச் சொல்லித் திராட்சரசமாக்கியவர்தானே என்று. இந்த மாதிரி சமயத்தில் எனக்கு நன்றாகவே வார்த்தை வரும். பொட்டு மட்டும் வேண்டாம் என்றார் பாஸ்டரம்மா. பொட்டு இல்லாமல் எப்படி என்றாள் அத்தை. சந்தைப் பேரம் மாதிரி இழுத்து, கடைசியில் ஒரு முழம் மல்லிகையில் இரண்டு பேரும் சரி என்றார்கள்.

புடவைக்குத்தான் வீட்டுக்குள்ளே போனார்கள். பெண்ணின் அம்மாவை அதுவரை நான் பார்க்கவே இல்லை. கொல்லைப்பக்கம் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாளாம். அவள் தாலி இழந்தவள் அல்லவா, சொந்த மகள் புறப்படும்போது எதிரே வரக் கூடாது. அவள்தான் பெட்டியைத் திறந்து தன்னுடைய கூறைப்புடவையை எடுத்துப் பாஸ்டரம்மாவுக்குக் கட்டிவிட்டாள். அது யாருடைய புடவை என்று அத்தைக்கு யாரும் சொல்லவில்லை. பெண்ணுக்குத் தெரியும். அவளும் வாயைத் திறக்கவில்லை.

அரக்குப் புடவையில், மல்லிகை வைத்து, இடுப்பில் குடத்தோடு பாஸ்டரம்மா தெருவில் நடந்து வந்தார். பாஸ்டர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணைத் துடைக்கத்தான் என்று நினைக்கிறேன். பெண் படியிறங்கி வண்டியில் ஏறினாள்.

டிரைவர் வண்டியை எடுக்கப் போனபோது பாஸ்டரம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டு நேரே கொல்லைப்பக்கம் போனார். அம்மாவின் கையைப் பிடித்து வண்டி ஜன்னல்வரை கூட்டிக்கொண்டு வந்தார். அத்தையின் முகம் மாறியது.

"ஜெபம் பண்ணப் போறோம். பெத்தவங்க இல்லாம எப்படிங்க பண்றது?" என்றார் பாஸ்டரம்மா.

அத்தை பாஸ்டரம்மாவின் தலையிலிருந்த மல்லிகையைப் பார்த்தாள். அப்புறம், "சரி, சீக்கிரம் முடிங்க. நேரம் போகுது" என்றாள்.

அம்மா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி மகளின் கன்னத்தைத் தடவினாள். பாஸ்டர் கண்ணை மூடினார். அவர் ஜெபிக்க ஆரம்பித்தால் சோறு ஆறிவிடும், அப்படிப்பட்ட மனிதர். அன்றைக்கு இரண்டே வார்த்தை சொல்லி ஆமென் என்றுவிட்டார்.

அந்த வாரம் நாங்கள் ஜனங்களுக்குக் கொடுக்கக் கொண்டுபோன சுவிசேஷக் கைப்பிரதிகளில் பாதி அப்படியே திரும்பி வந்தன. எத்தனை பேர் ஆண்டவரை அறிந்துகொண்டார்கள் என்று சென்னை சபையிலிருந்து போன் பண்ணிக் கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்றேன். ஒரு தாய் தன் மகளை எதிரே நின்று வழியனுப்பியதைப் பார்த்தேன். ஓட்டலில் தட்டு கழுவியவனை ஆண்டவர் வேன், மைக் எல்லாம் கொடுத்து அந்தத் தெருவில் கொண்டுபோய் நிறுத்தினார். அதற்குத்தான் அவருக்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.