அந்த ஒரு ‘டமார்’

இரண்டு கைகளிலும் பூட்ஸை மாட்டிக்கொண்டு, சரளைக்கல் பரப்பிய தட்டின்மேல் நடந்துகொண்டிருக்கிறார் டப்பாக்கா. திரையில் ஒல்லியான காவலர் ஒருவர் தெருவில் வருகிறார். அக்கா கையைச் சற்று அழுத்தியதும் ஆள் கனத்துத் தெரிகிறார். “ஐயோ, பத்து கிலோ ஏத்திட்டேனே!” என்று சிரித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து நடக்கிறார்.

சினிமாவுக்குச் சத்தம் சேர்ப்பது அவர் வேலை. அதைப் பதிவு செய்வது என் வேலை. பழைய டப்பா எதைக் கண்டாலும் தட்டிப் பார்த்துத் தூக்கி வந்துவிடுவதால் இந்தப் பெயர். கைப்பை வாங்கப் போனாலும் காதருகே வைத்துக் குலுக்குவார். கடைக்காரர் “கலர் பாருங்கம்மா” என்றால், “கலர் கெடக்கட்டும், இது வாயத் தொறக்குதான்னு பாக்குறேன்” என்பார். “கண்ணு ஒரு வெகுளிங்க. காது சொன்னதையெல்லாம் தானே பாத்ததா சத்தியம் பண்ணும்.”

போன மாதம் அவர் தம்பிக்கு ஒரு சோதனை. வேன் ஓட்டுபவர். ஒரு சைக்கிள்காரரைத் தாண்டும்போது ‘டமார்’ என்று சத்தம். கண்ணாடியில் பார்த்தால் மனிதர் கீழே கிடக்கிறார். தம்பியே அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். கால் முறிவு. விழுந்தவருக்கோ எதுவும் நினைவில்லை. எதிர்க்கடையின் கேமராப் பதிவைப் பார்த்த போலீஸ், வேன் உரசக்கூட இல்லை என்று சொல்லிவிட்டது. தம்பிதான் நம்பவில்லை. “இடிச்சதை என் கண்ணால பாத்தேன். இனிமே வண்டியத் தொட மாட்டேன்” என்று படுத்துவிட்டார். இரண்டு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை.

அக்கா அவரை ஸ்டூடியோவுக்கு இழுத்து வந்து, கேமராப் பதிவை ஓட்டச் சொன்னார். அதில் ஒலி கிடையாது. வேனும் சைக்கிளும் நெருங்கியதுமே தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டார். “பாருக்கா, இடிக்குது.”

அக்கா வாதாடவில்லை. ஒரு சண்டைக் காட்சியைச் சத்தமில்லாமல் போடச் சொன்னார்.

“அடி பட்டுதா?”

“எங்க பட்டுது? கை காத்துலதான் போகுது.”

மறுபடி ஓட்டினேன். குத்து விழும் நொடியில் அக்கா ஒரு முட்டைக்கோஸை ஓங்கி அறைந்தார். தம்பி தன் தாடையைப் பிடித்துக்கொண்டார்.

“இப்ப?”

“பட்டுச்சு...”

“அதே படம்தான்டா.”

மீண்டும் கேமராப் பதிவு. வேன் தாண்டும் அதே நொடியில், பின்னாலிருந்த பேக்கரியின் இரும்பு ஷட்டர் அறுந்து விழுவதை அக்கா விரல் வைத்துக் காட்டினார். சைக்கிளின் முன்சக்கரம் பள்ளத்தில் இறங்குவதையும் காட்டினார்.

தம்பி தலையாட்டினார். “புரியுதுக்கா. ஆனா அந்தச் சத்தம் உள்ள கேட்டுக்கிட்டே இருக்கே.”

“இன்னொரு தடவை போடுங்க” என்றார் அக்கா என்னிடம். தம்பியின் பின்னால் போய் நின்று, இரண்டு உள்ளங்கைகளாலும் அவர் காதுகளைப் பொத்தினார். வேன் வந்தது. சைக்கிள் வந்தது.

“நடுவுல எடம் இருக்குக்கா!” என்றார் தம்பி, அறையே அதிரும்படி.

அக்கா கையை எடுக்கவில்லை.